யார் கால் படாத மலை?

மலை ஏறுவது எனக்குப் பிடிக்காது. சொன்னால் நகரத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். "மலையில பொறந்தவன் நீ, உனக்கா?" மலையில் பிறந்ததால்தான் என்கிறேன்.

தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவன் நான். அம்மா விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கணும். அப்புறம் நாள் பூரா ஏத்தம், இறக்கம். முதுகுல கொழுந்துச் சாக்கு, கால்ல அட்டைக்கடி. அவள் ஏறிய ஏற்றத்துக்கு யாரும் சாகசம் என்று பேர் வைக்கவில்லை. கொஞ்சம் நின்று மலையைப் பார்த்தால் கங்காணி ஏசுவான்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் வற்புறுத்தி அழைத்துப் போனார்கள். எங்கள் பழைய தோட்டத்துக்குப் போகிற பாதை அது. விலையுயர்ந்த பூட்ஸ் போட்ட ஒருவர் மூச்சு வாங்க நின்று சொன்னார்: "ஆகா, மனுஷன் காலே படாத இடம்!"

நான் குனிந்து பார்த்தேன். அவர் நின்றது எங்கள் தாத்தாமார் சுமந்து வந்து பதித்த கல். அந்தக் கல்மேலதான் பேறுகால வலியில கெடந்த எங்க சித்தியக் கம்பளியில கட்டி, கம்புல கோத்து, நாலு பேர் ராத்திரியில தூக்கிட்டு எறங்குனாங்க. ஆஸ்பத்திரி கீழே. பாதி வழியிலேயே சித்தி முனகல் நின்னுபோச்சு.

தொட்டால் தீட்டு என்ற சமூகத்தில், நம் கால் பட்டதெல்லாம் கால் பட்டதாகவே கணக்கில் வராது போலும்!

இது எங்கள் மலைக்கு மட்டுமான கதையில்லை. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் பனிச்சரிவில் செத்தவர்கள் ஏழு பேர். ஏழு பேருமே சுமைதூக்கிகள். உலகம் மனப்பாடம் செய்த பெயர் மல்லோரி. அந்த ஏழு பெயர்களில் ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

மாஞ்சோலைக்கு வாருங்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் ஒரு கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த மலை. காட்டைத் தோட்டமாக்கிய உழைப்பில் பெரும்பங்கு தலித் மக்களுடையது. அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2024-ல் வேலையை முடித்து விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கினார்கள். யாருடைய விருப்பம்? காடு காடாகவே இருக்கட்டுமாம், தொழிலாளி இறங்கட்டுமாம். அதே 2024-ல்தான் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணத்துக்குத் திறந்தது. நாலு தலைமுறை உழைத்தவனுக்கு மலையில் இடமில்லை. இரண்டு நாள் பார்க்க வருபவனுக்கு முன்பதிவு!

பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்களே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் வழி காட்டுபவனுக்கு அந்த வழியில் என்ன உரிமை? கூலியா, நிலமா?

2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, அன்றும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் செத்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் பழிக்க மாட்டேன். எரிகிற மலைக்குள் ஓடியவர்களில் உள்ளூர் ஜனங்களும் இருந்தார்கள். பிறருக்காகத் தூக்கிப் பழகிய தோள்கள் அவை. எங்கள் சித்தியைத் தூக்கியதும் அப்படிப்பட்ட தோள்கள்தான்.

நடக்காதீர்கள் என்று சொல்லவில்லை தோழர்களே. மலை எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. ஆனால் ஏறும்போது கேளுங்கள்: இந்தக் கல்லை யார் பதித்தது? அவர்கள் இப்போது எங்கே? உங்கள் பையைத் தூக்கி வருகிறவருக்கு அடிபட்டால் யார் பார்ப்பது? கேட்டு, வந்து எழுதுங்கள்.

அன்று அந்தப் பூட்ஸ்காரரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கணும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.