துப்பாக்கிக்கு 21, கோய்தாவுக்கு?

புணேயில் மீசை முளைக்காத பையன்கள் கரும்பு வெட்டும் அரிவாளான கோய்தாவைச் சுழற்றியபடி தெருவில் இறங்கி, நிறுத்தியிருக்கும் வண்டிகளை நொறுக்கும் காணொளி வெளிவரும்போதெல்லாம் அரசியல்வாதிகள் ஒரே மருந்தைத்தான் எழுதிக்கொடுக்கிறார்கள்: சிறார் என்பதற்கான வயதை 18-லிருந்து 14-ஆகக் குறையுங்கள். வெட்டு விழுந்த பிறகு பையனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது என்பதில் இத்தனை அவசரம். அவனுக்குக் கோய்தாவை விற்றது யார் என்று கேட்க ஆளில்லை. 2022 டிசம்பரில் நாக்பூர் கூட்டத்தொடரில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அஜித் பவார் இந்தக் கோய்தா கும்பல்களைப் பற்றி மகாராஷ்டிரச் சட்டப்பேரவையில் பேசினார். 2023 தொடக்கத்தில் புணே மாநகரக் காவல்துறை, ஆதார் அட்டையைப் பார்க்காமல் கோய்தா விற்கக் கூடாது என்று கடைக்காரர்களிடம் சொன்னது. சரியான இடத்தில் கைவைத்தது காவல்துறை. அதைச் சட்டமாக்கியிருக்க வேண்டிய மாநில அரசோ கைகட்டி நிற்கிறது.

வயதைப் பார்த்து விற்பது நமக்குப் புதிதல்ல. மகாராஷ்டிரத்தில் விஸ்கி வாங்க 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், பீருக்கு 21. 2024 மே மாதம் கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு ஐ.டி. ஊழியர்கள் இறந்தபோது, அவனுக்கு மது பரிமாறிய மதுக்கூடங்களைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். வயது வரம்பு ஏட்டில் இருந்ததால்தான் அது முடிந்தது. துப்பாக்கிக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தன் 9-ஆம் பிரிவில் முதலில் 16 வயதைத்தான் வரம்பாக வைத்திருந்தது. 1983-இல் வந்த திருத்தம் அதை 21 ஆக்கியது. வயது குறைந்தவன் என்று தெரிந்தும் விற்பவரை அதே பிரிவு தடுக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், பார்க்லேண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பின் 2018-இல்தான் நீள்துப்பாக்கி வாங்கவும் 21 வயது வேண்டும் என்றது. அப்படி ஒரு சட்டம் இல்லாத டெக்சஸில், 18 வயது நிறைந்த கையோடு கடையில் முறைப்படி ரைஃபிள் வாங்கிய ஒருவன் 2022-இல் உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி விஷயத்தில் நாம் ஃபுளோரிடாவை 35 ஆண்டுகள் முந்திக்கொண்டோம். ஆனால் நம் பையன்கள் கையில் எடுப்பது கோய்தாவை. விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஆன பொருள்களை அதே ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. வாளும் குத்துவாளும் அதில் அகப்படும், கரும்பு வெட்டும் கோய்தா அகப்படாது. விஸ்கிக்கு 25, பீருக்கு 21, துப்பாக்கிக்கு 21 என்று போகும் பட்டியலில் கோய்தாவுக்கு நேரே எந்த எண்ணும் இல்லை. 12 வயதுப் பையன் காசைக் கொடுத்து வாங்கிப்போனாலும் விற்றவர் மேல் நேரடியாகப் பாய ஒரு பிரிவு கிடையாது.

காவல்துறை உத்தரவே போதும் என்பவர்கள் தாபோடிக்கு வந்து ஹாரிஸ் பாலத்தைப் பார்க்கட்டும். முளா ஆற்றுக்கு அந்தப் பக்கம் போபோடியும் கட்கியும் புணே மாநகர ஆணையரகத்தில் அடங்கியவை. இந்தப் பக்கம் தாபோடி, 2018-இல் உருவான பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆணையரகத்தின் எல்லை. அக்கரையில் போட்ட உத்தரவு இக்கரைக் கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது. கட்கியில் 1869 முதல் இயங்கும் தோட்டாத் தொழிற்சாலையில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு எழுதும் நாடு இது. அதே வட்டாரத்தில் கோய்தா கணக்கில்லாமல் கைமாறுகிறது. தமிழ்நாடும் இதே பாடத்தைப் படித்தது. 2021-இல் டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, அரிவாள் விற்கும் கடைகளும் பட்டறைகளும் வாங்குபவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண்ணைக் குறித்துவைக்க வேண்டும் என்றார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்பறைக்கே அரிவாளோடு வந்தான். சட்டத்தின் பலம் இல்லாத பதிவேடு இவ்வளவுதான் செய்யும்.

ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது, மாநிலம் என்ன செய்ய முடியும் என்பது மழுப்பல். கோய்தா ஆயுதமல்ல என்று மத்தியச் சட்டமே சொல்லிவிட்ட பிறகு, பொது ஒழுங்கும் மாநிலத்துக்குள் நடக்கும் வணிகமும் மாநிலப் பட்டியலில் இருக்க, தடுப்பது எது? பீட் மாவட்டத்துக் கரும்புவெட்டித் தொழிலாளிகள் பாதிக்கப்படுவார்களே என்பது கேட்டுக்கொள்ள வேண்டிய கவலை. ஆனால் அவர்களுக்குக் கோய்தா வாங்குவது பெரியவர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தன் பெயரில் வாங்கியாக வேண்டிய தேவை எந்த வயலிலும் இல்லை. வெட்ட நினைப்பவன் எப்படியும் வாங்குவான் என்ற வாதத்துக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் துப்பாக்கி உரிமமே எதற்கு? பிரிட்டனில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கத்தி விற்கத் தடை உண்டு. அப்படியும் 2024-இல் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்ற 17 வயதுக்காரன் கத்தியை இணையத்தில் வாங்கியிருந்தான். அதைப் பார்த்து அந்த நாடு தடையை நீக்கவில்லை; இணைய விற்பனையில் வயதைச் சரிபார்க்கும் முறையை இறுக்கப் புறப்பட்டது.

சிறார் வயதை 14-ஆகக் குறைக்கச் சொல்பவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 16 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் கொடுங்குற்றம் செய்தால், சிறார் நீதி வாரியம் பரிசீலித்து, பெரியவர்களாகக் கருதி விசாரிக்க அனுப்பலாம் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அந்த வழி திறந்து பத்தாண்டு ஆகிறது, புணேயில் கோய்தா ஓய்ந்ததா? எட்டாம் வகுப்புப் பையனைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு அனுப்பத் துடிப்பவர்கள், அவனிடம் பணம் வாங்கிக்கொண்டு கோய்தாவைக் கொடுத்த பெரியவரை ஏன் தொட மறுக்கிறார்கள்? வியாபாரியைப் பகைத்துக்கொள்ள மனம் வரவில்லை, பையனுக்கு வாக்கில்லை. வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

மகாராஷ்டிரம் கொண்டுவர வேண்டியது இரண்டு பக்கச் சட்டம். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கோய்தா விற்றால் விற்றவருக்குச் சிறை. வாங்கிக் கொடுக்கும் பெரியவருக்கும் அதே தண்டனை. இணையத்தில் விற்றால், வீட்டு வாசலில் வயதுச் சான்றைப் பார்க்காமல் பொருளைக் கொடுக்கக் கூடாது. இது வந்தால் கோய்தா கும்பல்களின் முதுகெலும்பு இரண்டே ஆண்டுகளில் முறியும் என்று உறுதியாக நம்புகிறேன். அடுத்த நாக்பூர் கூட்டத்தொடர் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆளுநரின் அவசரச் சட்டமாகவே இதைத் தொடங்கலாம்.