தேநீர் ஊற்ற மட்டுமா?

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவன் நான். அப்பாயி தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமந்தவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இலங்கைக்கென ஒரு மண்டபம் எழுந்தது. கண்டிய மரச்செதுக்கல், கூடவே தேநீர் விற்பனை. பறித்தவளின் முகத்தையோ லிப்டன் விளம்பரத்தில்தான் தேடவேண்டும்.

வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் பெல்ஜியம் 1907இலேயே தன் மண்டபத்தைக் கட்டிவிட்டது. இலங்கைக்கு அங்கே நிரந்தரக் கட்டடம் இல்லை. கட்டட்டும், வேண்டாமென்றா சொல்கிறேன்? ஆனால் ஹட்டனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம்போல் தோட்டப் பெண்களின் வாழ்வைக் கலையாக்குகிறவர்களுக்கு நடுச்சுவரைக் கொடுங்கள். கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் குழு கொழும்போடு நின்றுவிடாமல் பதுளை வரைக்கும் ரயிலேறட்டும். 1924இலிருந்தே பாதை இருக்கிறது.