தராசு சொல்லாத சங்கதி

"குடித்தால் தேகம் பருக்கும்" என்பார் சிலர். "குடிகாரன் எலும்பும் தோலுமாய்ப் போவான்" என்பார் வேறு சிலர். இரு கட்சியாரும் தத்தம் தெருவிலிருந்தே சாட்சி கொண்டுவருவார்கள். வேடிக்கை என்னவென்றால், இருவர் சொல்வதும் மெய்தான். ஒரே வஸ்து ஒருவனைப் பீப்பாயாகவும் மற்றொருவனைக் குச்சியாகவும் ஆக்குவது எங்ஙனம்?

அமெரிக்காவிலுள்ள வெஸ்லியன் சர்வகலாசாலையில் அட்வாட்டர் என்றொரு ரஸாயன ஆசிரியர் இருந்தார். ஆள் ஒருவன் உள்ளேயே உண்டு உறங்கிப் பல நாள் தங்கத்தக்க அறை ஒன்றை அமைத்து, அவன் தேகத்திலிருந்து வெளிப்படும் உஷ்ணத்தை அவர் அளந்தார். 1890-களின் இறுதியில், ஆகாரத்துடன் ஆல்கஹாலையும் கொடுத்துச் சோதித்தார். அது ஏறக்குறைய முழுவதும் உடலில் எரிந்து, மாவையும் கொழுப்பையும் போலவே உஷ்ணம் தந்தது. இதைக் கேட்டு மதுவிலக்குச் சங்கத்தார் சீறினர். மது வியாபாரிகளோ அதையே விளம்பரமாக்கிக்கொண்டனர். பாவம், உள்ளதைச் சொன்ன ஆசிரியர் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்!

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் மாவுப் பொருள் தருவது 4 கலோரி, கொழுப்பு 9, ஆல்கஹால் 7. அறுபது மில்லி விஸ்கியில் சுமார் 140 கலோரி உண்டு. 650 மில்லி பீர்ப் புட்டி ஒன்று, ஏறக்குறைய நாலைந்து இட்டிலிக்குச் சமம். ஆனால் நாலைந்து இட்டிலி தின்றவன் போதுமென்று கையலம்புவான். புட்டியைக் காலி செய்தவனோ வறுவல் எங்கே என்று கேட்பான்.

மேலும், ஆல்கஹாலைச் சேமித்துவைக்க உடலில் இடமில்லை. ஆகவே, அழையாமல் வந்த முரடனை முதலில் வெளியேற்ற முனையும் வீட்டுக்காரரைப் போல, ஈரல் மற்ற வேலைகளை ஒத்திவைத்து அதையே எரிக்கிறது. அதுவரை, எரிய வேண்டிய கொழுப்பு எரியாமல் தங்கிவிடுகிறது. வயிறு நிறைய உண்டு, அதன்மேல் குடிப்பவன் பருப்பதன் காரணம் இதுவே.

மற்றவன் கதை வேறு. அவன் சோற்றோடு குடிப்பதில்லை. சோற்றுக்குப் பதிலாகக் குடிக்கிறான். கலோரி கிடைக்கிறது, தசையை வளர்க்கும் புரதமும் ஜீவசத்துக்களும் கிடைப்பதில்லை. உண்ட சொற்பத்திலிருந்தும் சத்தைக் கிரகிக்கும் சக்தி குடலுக்குக் குறைகிறது. அடுப்பில் நெருப்பு எரிகிறது. உலையில் அரிசி இல்லை!

எல்லாவற்றிலும் அபாயமானது மூன்றாவது வகை. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், நெடுநாள் மெலிந்திருந்த கணவரின் எடை சில வாரங்களில் ஏறியது. "குடியைக் குறைத்தார், உடம்பு தேறிவிட்டது" என்று மனைவி பூரித்துப்போனார். மாமியார் திருஷ்டி கூடச் சுற்றிப் போட்டார். வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஏறியது சதையல்ல, நீர். ஈரல் சுருங்கி இறுகியதால் வந்த மகோதரம் அது. தோளும் துடையும் அப்போதும் கரைந்துகொண்டேதான் இருந்தன.

ஆகையால் தாய்மார்களே, குடிப்பவரின் எடையை மட்டும் கண்டு கவலையோ களிப்போ கொள்ளாதீர்கள். வயிறு பெருக்கக் கைகால் மெலிகிறதா, கண் மஞ்சளிக்கிறதா, பாதம் வீங்குகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று கண்டாலும் வைத்தியரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். இன்னொரு விஷயம்: தினந்தோறும் மிகுதியாய்க் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் திடீரென நிறுத்தினால் நடுக்கமும், வலிப்பும், சித்தப்பிரமையும் காணக்கூடும். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் அதை வைத்தியர் மேற்பார்வையில் செய்விப்பதே விவேகம்.

தராசு பொய் சொல்வதில்லை. ஆனால் அது நிறுப்பது கொழுப்பையா, தசையையா, நீரையா என்று அதற்குத் தெரியாது. அதை அறிய வேண்டியவர்கள் வீட்டிலிருப்பவர்களே.