லைன் வீடும் லைன்பேக்கரும்

ஆண்டர்சன்பேட்டையில் 'லைன்' என்றால் ஒரு பொருள்தான். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கம்பெனி வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள். கோலார் தங்கவயலில் பிறந்தவரிடம் ஊர் எது என்று கேட்டால், அடுத்த கேள்வி 'எந்த லைன்?' என்பதாகத்தான் இருக்கும்.

அமெரிக்கக் கால்பந்தில் வேறொரு லைன் இருக்கிறது. எதிரணி பந்தோடு முன்னேறாமல் தடுக்க, மலைபோன்ற உடம்புக்காரர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளிக் காத்திருப்பவர்தான் லைன்பேக்கர். பந்து எந்தப் பக்கம் வரும் என்று கணித்து, வருபவரை மடக்கிச் சாய்ப்பது அவர் வேலை. கபடியில் பாடி வருபவரின் காலசைவைப் பார்த்தே பாயத் தயாராகும் ஆட்டக்காரரை நினைத்துக்கொண்டால் போதும். ஹெல்மெட்டும் தோள்கவசமும் கூடுதல்.

இந்த இடத்தில் ஆடிப் பெயர் வாங்கியவர்களில் ஒருவருக்கு இந்தியத் தந்தை. பிராண்டன் சில்லர், 1982-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு ஆடினார். 2004-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி நான்காவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2008-ல் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு மாறினார். 2009 டிசம்பரில் அந்த அணி அவருடன் நான்காண்டு ஒப்பந்தத்தை நீட்டித்தது. அடுத்த ஆண்டே காயம். 2011 பிப்ரவரியில் பேக்கர்ஸ் அணி சூப்பர் பௌல் கோப்பையை வென்றபோது, சில்லர் களத்தில் இல்லை. காயமடைந்தோர் பட்டியலில் இருந்தார். சில மாதங்களில் அணி அவரை விடுவித்துவிட்டது. நான்காண்டு ஒப்பந்தத்தில் பாதிகூட ஓடவில்லை. அப்போது அவருக்கு வயது 28.

அந்த ஆட்டத்தின் விதி அது. சம்பளம் கோடிகளில், ஆனால் தோள் இறங்கினால் ஒப்பந்தமும் இறங்கும். லைன்பேக்கர் வேலையில் அறுபது வயதில் ஓய்வு பெற்றவர் எவருமில்லை.

அதே 2011-ல் இந்தியாவில் அமெரிக்கக் கால்பந்து லீக் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்குத் தோள்கொடுத்த அமெரிக்கப் பிரமுகர்களில் சில்லரும் ஒருவர். சென்னை, பெங்களூர், கொழும்பு என்று ஊர்ப் பெயர்களில் எட்டு அணிகள் உருவாயின. 2012-ல் ஆட்டங்கள் நடந்தன, தொலைக்காட்சிக்காகப் படமும் பிடிக்கப்பட்டது. ஆனால் ஆட்டம் வேர்பிடிக்கவில்லை. பள்ளியில் ஆடாத ஆட்டத்தை, தெருவில் பார்க்காத ஆட்டத்தை, தொலைக்காட்சியில் மட்டும் எத்தனை நாள் பார்ப்பது?

ஒரு ஊரில் விளையாட்டு எப்படி வளரும் என்பதற்குத் தங்கவயலே நல்ல பாடம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத்தைக் கையிலெடுத்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் லைன் வீடுகளை நிரப்பின. துரைமார் தங்களுக்கென்று 1885-ல் கிளப் அமைத்துக்கொண்டார்கள். கோல்ப் மைதானமும் போட்டார்கள். கீழே இறங்கி உழைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் கால்பந்தும் ஹாக்கியும் கிளப்பின் சுவரைத் தாண்டி லைன்களுக்கு வந்து சேர்ந்தன. ஷிப்ட் முடிந்ததும் மைதானம் என்பது இந்த ஊரின் வழக்கமானது.

இந்தத் தங்கவயலில் 1940-ல் பிறந்தவர் கென்னத் பவல். இளம் வயதிலேயே பெங்களூருக்குப் போனார். அங்கே அரசு நிறுவனமான இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸில் வேலை கிடைத்தது. வேலையோடு ஓட்டமும் தொடர்ந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் மூன்றிலும் இந்தியாவுக்காக ஓடினார். தமிழ்நாட்டைச் சேர்ந்த ராஜசேகரனும் இடம்பெற்றிருந்த அந்தத் தொடர் ஓட்ட அணி அரையிறுதிவரை போனது. 1965-ல் அர்ஜுனா விருது. 1970-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம். அப்போது அவருக்கு வயது 30. 2022 டிசம்பரில் பெங்களூரில் காலமானார்.

சில்லர் 28 வயதில் அணியில்லாமல் நின்றார். பவல் 30 வயதில் பதக்கம் வாங்கினார். இருவரில் யார் பெரிய வீரர் என்பதல்ல கேள்வி. பவல் சம்பாதித்தது அமெரிக்க வீரரின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் ஈடாகாது. ஆனால் தொடைத் தசை கிழிந்தாலும் மறுநாள் போய் உட்கார அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. அந்தக் காலத்து இந்திய விளையாட்டை ஓடவைத்தது இந்த நாற்காலிதான். ரயில்வே, ராணுவம், போலீஸ், பொதுத்துறை ஆலைகள் என்று எங்கெல்லாம் வேலை இருந்ததோ அங்கெல்லாம் அணியும் இருந்தது.

அந்த ஏணி தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ல் சரிந்தது. அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் உழைத்த இடத்தில் கடைசியாக எஞ்சியிருந்த சில ஆயிரம் பேரும் வீட்டுக்குப் போனார்கள். பவலுக்கு வேலை கொடுத்த பெங்களூர் தொழிற்சாலையும் பின்னாளில் நஷ்டத்தில் சுருங்கியது. லைன் வீடுகள் இருக்கின்றன, சயனைடு மேடுகள் இருக்கின்றன. ஆட்டத்தோடு வேலையும் கொடுத்த கம்பெனி மட்டும் இல்லை.

தங்கவயலை மீட்கத் திட்டங்கள் அவ்வப்போது பேசப்படுகின்றன. மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கலாம், தொழிற்பேட்டை அமைக்கலாம் என்றெல்லாம் யோசனைகள். மைதானம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. ஒரு பயிற்சியாளரின் சம்பளமும், நன்றாக ஓடும் பத்துப் பையன்களுக்கு அருகிலேயே வேலையும் பெரிய செலவல்ல. லீக் நடத்துவதைவிட நிச்சயம் குறைவு.

இப்போது ஆண்டர்சன்பேட்டைக்காரர்கள் பல்லாயிரம் தங்கவயல்காரர்களோடு சேர்ந்து பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். மாரிக்குப்பத்திலிருந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் பையனுக்கு மைதானத்தில் பயிற்சி செய்ய வெளிச்சம் மிஞ்சுவதில்லை. வேகமான கால்கள் இந்த ஊரில் இன்னமும் இருக்கலாம். விடியற்காலையில் அவை ஓடுவது ரயிலைப் பிடிக்க.