பொம்மைக் கார் அல்ல, எஞ்சின்!

சென்ற பொங்கல் விழா அன்று நம் சங்க மைதானத்தில் நடந்தது அங்கத்தினர்கள் பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதில் குற்றவாளி நான்தான்.

என் பேரனின் நைட்ரோ பந்தயக் காரை ஓட்டிக் காட்டுவதற்காக எடுத்து வந்திருந்தோம். எரிபொருள் ஊற்றும் பாட்டிலின் மூடி உடைந்து கசியவே, கையில் அகப்பட்ட காலி குளிர்பான பாட்டிலில் மீதியை ஊற்றி மேஜை ஓரமாக வைத்தேன். அந்த எரிபொருள் பார்வைக்கு ரோஜா சர்பத் போல இளஞ்சிவப்பாக இருக்கும். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் தேடி வந்த நாலு வயதுக் குழந்தை ஒன்று அதை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, தாயார் பார்த்துவிட்டார். "மாமா, இது என்ன பாட்டில்? நெடி அடிக்கிறதே!" என்று அவர் கேட்டபோது எனக்குக் கை கால் உதறல் எடுத்துவிட்டது.

டீசல் லோகோ ஷெட்டில் 38 வருடம் வேலை பார்த்தவன் நான். ஆசிட் பாட்டிலையும் மண்ணெண்ணெயையும் குடிதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தால் கலாசிகளைக் கண்டபடி திட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்றதும் அந்தப் புத்தியும் ஓய்வு பெற்றுவிட்டது போலும்.

இதைத் தொடர்ந்து, இத்தகைய கார்களை மைதானத்தில் அடியோடு தடை செய்ய வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்யப் போகிறார்கள். தடை கூடாது, ஆனால் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. தவறு செய்தவனே வக்கீலாகவும் வருகிறானே என்று அன்பர்கள் நினைக்கலாம். படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இது என்ன வண்டி?

கடையில் ரிமோட்டோடு விற்கும் பொம்மைக் காரும் இதுவும் ஒன்றல்ல. நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. எடை மூன்று கிலோவுக்கு மேல். நான்கு சக்கரமும் இழுக்கும். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று டிஃபரன்ஷியல்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கெட்டியான சிலிக்கான் எண்ணெய். நான்கு ஷாக் அப்சார்பர்களிலும் எண்ணெய் உண்டு. மேடு பள்ளமான மண் தரையில் ஓடித் தாவிக் குதிப்பதற்கென்றே செய்யப்பட்டது. இந்த அளவுக் கார்களுக்கான முதல் உலகப் போட்டி 1986-ல் பிரான்ஸில் நடந்தது. அதன் இறுதிப் பந்தயம் ஒரு மணி நேரம். எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எரிபொருள் ஊற்றியாக வேண்டும். ஆகவே வேகமாக ஓட்டுகிறவன் ஜெயிப்பதில்லை. கடைசி வரை பழுதாகாத வண்டியை வைத்திருக்கிறவன்தான் ஜெயிக்கிறான்.

அதன் எஞ்சின் வெறும் 3.5 சி.சி. ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். நான் பராமரித்த டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினுக்கு 16 சிலிண்டர், 2600 குதிரைத் திறன். ஆனால் அது முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1000 சுற்றுதான் சுற்றும். இந்தச் சுண்டைக்காய் 30,000 சுற்றுக்கு மேல் போகும்! முதல் தடவை அதன் சத்தத்தைக் கேட்டபோது, சிலிண்டர் ஹெட் இதோ பறக்கப் போகிறது என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்தது உண்மை.

பலர் இதைப் பெட்ரோல் கார் என்கிறார்கள். இதில் பெட்ரோல் கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகு எண்ணெய் மூன்றும் கலந்த கலவை. ஸ்பார்க் பிளக்கும் இல்லை, குளோ பிளக்தான். அதிலுள்ள பிளாட்டினம் கம்பிச் சுருளை முதலில் பேட்டரியால் பழுக்க வைக்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மெத்தனால் ஆவி அந்தப் பிளாட்டினத்தின் மேல் பட்டு வினை புரிவதாலும், எரியும் வெப்பத்தாலும் கம்பி தானே பழுத்தபடி இருக்கும். மசகு எண்ணெயும் எரிபொருளோடுதான் வர வேண்டும். எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். இந்த ஒரு சூத்திரம் புரிந்துவிட்டால் பாதிப் பராமரிப்பு புரிந்த மாதிரி.

ஒரு எஞ்சினைக் கொன்ற கதை

எங்கள் முதல் எஞ்சின் இரண்டே மாதத்தில் உயிரை விட்டது. காரணம் தூசி. கரக்பூர் செம்மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை வேஷ்டி கட்டிக்கொண்டு வந்தால் காவி வேஷ்டியோடு வீடு திரும்பலாம். காற்று வடிகட்டியில் ஸ்பாஞ்சு இருக்கிறது. அதைத் தினமும் கழுவி, காய வைத்து, அதற்கென்று உள்ள எண்ணெயைத் தடவிப் பிசைந்து மாட்ட வேண்டும். "நேற்றுத்தானே கழுவினோம் தாத்தா" என்று பேரன் சொன்னான். நானும் விட்டுவிட்டேன். செம்மண் உள்ளே போய் பிஸ்டனையும் ஸ்லீவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிட்டது. இந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங் கிடையாது. பித்தளை ஸ்லீவ் மேல்பக்கம் சற்றே குறுகலாக இருக்கும். அலுமினியப் பிஸ்டன் அதில் இறுகப் பொருந்துவதால்தான் அழுத்தம் கிடைக்கிறது. அந்தப் பொருத்தம் போனால் எஞ்சினே போயிற்று.

இரண்டாவது எஞ்சினுக்கு எங்கள் ஷெட்டின் முறையையே கொண்டு வந்தேன். ரயிலில் டிரிப் ஷெட்யூல், மாத ஷெட்யூல், வருட ஷெட்யூல் என்று உண்டல்லவா? அதே போல ஒரு நோட்டுப் புத்தகம். ஓட்டும் முன்பு, ஓட்டிய பின்பு, பத்து தடவை ஓட்டியபின் என்று மூன்று பத்திகள்.

ஓட்டும் முன்பு: எஞ்சினை ஹேர் டிரையரால் சூடாக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் இறுக்கமான பிஸ்டனைப் பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடுக்குக் கேடு. கிளட்ச் மணியின் பல்லும் பெரிய சக்கரத்தின் பல்லும் ஒரு தாள் இடைவெளியில் பொருந்துகிறதா பார்க்க வேண்டும். உலோகத்தில் ஏறும் திருகுகளுக்கெல்லாம் த்ரெட் லாக் வேண்டும். பிளாஸ்டிக்கில் ஏறும் திருகுக்கு அது கூடாது.

ஓடும்போது: கார்புரேட்டரில் இரண்டு நீடில்கள் உண்டு. முதலில் முழு வேகத்துக்கானது, அதன்பின் குறை வேகத்துக்கானது, கடைசியில்தான் ஐடிலிங் திருகு. திருகுவது ஒரு தடவைக்குக் கடிகார முள் ஒரு மணி நகரும் அளவுக்கு மேல் போகக் கூடாது. வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறைந்து வேகம் கூடும். பையன்கள் இதில்தான் மயங்குகிறார்கள். வேகத்தோடு சூடும் கூடும், எண்ணெய் குறையும், ஐந்தே நிமிடத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வண்டிக்குப் பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். ஹெட் வெப்பம் 100 முதல் 120 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் நல்லது. புகைபோக்கியைப் பார்த்தே டீசல் எஞ்சினின் சுகவீனத்தைச் சொன்ன எங்கள் பழைய மேஸ்திரிகள் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

ஓட்டிய பின்பு: டாங்கில் சொட்டு எரிபொருளையும் விடக் கூடாது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். மிச்சத்தை ஓட்டித் தீர்த்து, உள்ளே சில சொட்டுப் பாதுகாப்பு எண்ணெய் விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். மேலேயே விட்டால், ஸ்லீவ் குளிர்ந்து சுருங்கிப் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும்.

இதையெல்லாம் என் பேரன் ஒரு வருடமாகத் தன் கையால் செய்தான். பதினாலு வயதுப் பையன், பரீட்சைக்குப் படிப்பதையே ஞாபகப்படுத்த வேண்டியவன், நோட்டில் தேதி போட்டு "குளோ பிளக் கம்பி சாம்பல் நிறம், கலவை லீன், அரை மணி இடப்பக்கம் திருப்பினேன்" என்று எழுதியிருக்கிறான். எங்கள் ஷெட்டில் எண்ணெயைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி எந்த உலோகம் தேய்கிறது என்று கண்டுபிடிப்போம். அதே புத்திதான் இது. எந்த டியூஷனில் இதைச் சொல்லித் தருகிறார்கள்?

அபாயத்தை மறைக்கவில்லை

ஆனாலும் மெத்தனால் விஷம். இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. 2015-ல் மும்பை மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும், 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களையும் பலி கொண்டது இதே மெத்தனால்தான். பத்து மில்லி உள்ளே போனாலே கண் பார்வை போகலாம். விழுங்கியவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும். "குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திருக்காமல், அந்தக் கேனையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பது இன்னொரு ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள எரிபொருள் சாதாரண மக்களுக்கு உரிமமின்றிக் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "ஊரிலிருந்து ரயிலில் வரும்போது சூட்கேஸில் இரண்டு கேன் கொண்டுவந்து தரட்டுமா?" என்று ஒரு நண்பர் பாசத்தோடு கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 164-ம் பிரிவுப்படி அது மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை விடுங்கள், 2023 ஆகஸ்டில் மதுரையில் யாத்திரிகர்களின் பெட்டிக்குள் திருட்டுத்தனமாக வந்த காஸ் சிலிண்டர் 9 உயிர்களைக் குடித்ததே, அது போதாதா?

அப்படியானால் எலக்ட்ரிக் கார் வாங்கிவிட்டுப் போகலாமே என்பார்கள். தாராளமாக. கூட உட்கார நேரமில்லாத பெற்றோருக்கு நான் சொல்வதும் அதுதான். பிறந்த நாள் பரிசாக நைட்ரோ காரை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்காருவது, பிள்ளை கையில் தீப்பெட்டி கொடுப்பதற்குச் சமம். எலக்ட்ரிக்கும் ஒன்றும் பரமசாது அல்ல; லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால் அதுவும் பற்றும். கவனம் எதற்கும் வேண்டும்.

என் யோசனைகள்

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம். பொதுக்குழு கீழ்க்கண்டவற்றை விதியாக்கட்டும்.

ஒன்று: எரிபொருள் அதன் சொந்தக் கேனில் மட்டுமே, பூட்டிய பெட்டியில், சாவி ஒரு பெரியவர் கையில். தின்பண்டம், குடிபானப் பாத்திரம் எதிலும் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. மீறுகிறவர் யாராக இருந்தாலும், இந்தக் கிழவன் உட்பட, ஒரு வருடம் மைதானத்துக்குள் வரக் கூடாது.

இரண்டு: கயிறு கட்டி இடம் ஒதுக்க வேண்டும். சிறு குழந்தைகள் கயிற்றுக்கு வெளியே. தீயணைப்புக் கருவி உள்ளே.

மூன்று: ஒவ்வொரு தடவையும் ஓட்டும் முன், எஞ்சினை நிறுத்தி வைத்த நிலையில் ரேடியோவை அணைத்துப் பார்க்க வேண்டும், பிரேக் தானே பிடிக்க வேண்டும். ரயிலில் ஏர் பிரேக் குழாய் அறுந்தால் வண்டி தானே நிற்கிறதல்லவா, அதே தத்துவம். பிடிக்காத வண்டி ஓடக் கூடாது.

நான்கு: பரீட்சை மாதங்களிலும் பிற்பகல் ஓய்வு நேரத்திலும் சத்தம் கூடாது.

ஐந்து: நோட்டுப் புத்தகமும், கூடவே ஒரு பெரியவரும் இல்லாத பையனுக்கு அனுமதி இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த 1981-ல் டீசல் எஞ்சின்தான் ராஜா. இன்று அகலப் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. நான் கற்ற வித்தைக்கு இனி அதிக நாள் வேலையில்லை. நைட்ரோ எஞ்சினுக்கும் அந்தக் காலம் வரும். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. எஞ்சின் மாறலாம். ஓட்டும் முன் பார், ஓடும்போது கேள், ஓட்டியபின் துடைத்து எழுதி வை என்னும் பழக்கம் எந்த எஞ்சினுக்கும் வேண்டும்.

பொங்கலுக்குப் பிறகு என் பேரன் அந்தக் காரைத் தொடவில்லை. பரண்மேல் வைத்துவிட்டு, "வேண்டாம் தாத்தா, எல்லாரும் உங்களைத்தான் பேசுகிறார்கள்" என்றான். பேசட்டும். தப்புச் செய்தது நான்; அதற்குத் தண்டனையும் எனக்குத்தான் வர வேண்டும். அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே என் கையால் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "14-1 அன்று எரிபொருள் குடிபான பாட்டிலில் ஊற்றப்பட்டது. பிழை: தாத்தா." ஷெட்டில் விபத்து நடந்தால் முதலில் அதைப் பதிவேட்டில் எழுதுவோம். அதன் பிறகு, அது மறுபடி நடக்காமல் இருக்க வழி செய்வோம். ஷெட்டை இழுத்து மூடியதில்லை.

பொதுக்குழுவில் கை தூக்கும் முன் அன்பர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டுகிறேன்.