பீரோவில் பூட்டிய ஆய்வேடுகள்

ஆய்வாளருக்குக் கல்லூரி நூலகம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், இணைய ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்ட வேண்டும் என்பதுதான் பலரும் சொல்லும் பதில். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. நல்லது. தமிழ் ஆய்வாளருக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த 13,000இல் இல்லை.

அது தமிழ்த்துறையின் பீரோவில் இருக்கிறது. எம்.ஃபில். ஆய்வேடுகளைத்தான் சொல்கிறோம். ஒரு வட்டாரத்தின் நாட்டார் தெய்வங்கள், ஓர் ஊரின் தெருக்கூத்துக் குழுக்கள், எவரும் மறுபதிப்புச் செய்யாத ஓர் எழுத்தாளரின் கதைகள் என மாணவர்கள் அலைந்து திரிந்து எழுதியவை. அன்று அவர்களிடம் பாடிக்காட்டிய கலைஞர்கள் பலர் இன்று உயிரோடு இல்லை. எல்லாமே தரமானவை அல்ல. ஆனால் சுமாரான ஆய்வேட்டின் பின்னிணைப்பில்கூட வேறெங்கும் கிடைக்காத பாடல் இருக்கும். ஆய்வேடுகளுக்கான ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறுபவை பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வேடுகளே. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டது. இனி அந்த பீரோவைத் திறக்கத் துறைக்கும் காரணமில்லை. இடநெருக்கடி வந்தால் முதலில் எடைக்குப் போகப்போவது இவைதான்.

நூலகர் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். தலைப்போடு நிறுத்தாமல் ஊர், சாதி, கலை, தகவலாளி என்று பதிந்து கணினிப் பட்டியலில் ஏற்ற வேண்டும். வெளியூர் ஆய்வாளர் துறைத்தலைவர் கடிதத்துக்காக இரண்டு நாள் காத்துக் கிடக்காமல் வந்து படிக்க வழி வேண்டும்.

சிற்றிதழ்களின் நிலையும் இதுவே. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ ஒரு நூலகத்தில் இருந்தாலும், பட்டியலில் அதற்கு ஒரு வரிதான். எந்த இதழில் யார் எதைப் பற்றி எழுதினார் என்று அறிய, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கட்டுரை வாரியாக அடைவு இருந்தால் ஒரு மாத வேலை ஒரு காலையில் முடியும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931இலேயே விதி வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். அந்த விதியை நூலக அறிவியல் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்களையே இந்த அடைவுப் பணியில் இறக்கலாம்.

எந்தக் கல்லூரி நூலகம் இப்பணியைத் தொடங்கினாலும், எங்கள் இதழின் பழைய பிரதிகளை அடைவோடு இலவசமாக அனுப்பிவைக்கிறோம். நூலகர்கள் ஓர் அஞ்சலட்டை போட்டால் போதும்.