எழுத்தர் எழுதாத போர்

2021 பிப்ரவரி 18 அன்று, அப்போது ஆந்திர முதல்வராக இருந்த ஜெகன்மோகன் ரெட்டி திருப்பதியில் ஒரு வீட்டுக்குப் போனார். அது மேஜர் ஜெனரல் சித்தூர் வேணுகோபாலின் வீடு. 1971 போர் வெற்றியின் பொன்விழாவுக்காக நாட்டைச் சுற்றிவந்த வெற்றிச் சுடர் அப்போது திருப்பதிக்கு வந்திருந்தது. அந்தப் போரில் கிழக்கு முனையில் முதலாம் கூர்க்கா ரைபிள்ஸின் ஐந்தாவது பட்டாலியனுக்குத் தலைமை தாங்கி, உத்தலி, தர்சனா பகுதிகளில் நடந்த சண்டைகளுக்காக மகாவீர் சக்கரம் பெற்றவர் வேணுகோபால். ஊர்ப் பெயரையே இனிஷியலாகக் கொண்டவர். போர் முடிந்து 50 ஆண்டுகள் ஆகியும் அரசுக்கு அவரது வாசற்படி தெரிந்திருந்தது.

தெரிந்ததற்குக் காரணம் உண்டு. வீரதீரச் செயலுக்கான விருதுகள் பெயர், எண், படைப்பிரிவு ஆகியவற்றோடு அரசிதழில் அச்சாகின்றன. அதன் பிறகு அந்தப் பெயரை யாராலும் தொலைக்க முடியாது. ஆனால் ஒரு பட்டாலியனில் தளபதிக்குப் பின்னால் நடந்தவர்கள் பல நூறு பேர். அவர்களுக்குக் கிடைப்பது வேறு வகைப் பதக்கங்கள். 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971ல் கிழக்கே நின்றவனுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே நின்றவனுக்குப் பஸ்சிமி ஸ்டார், அவற்றோடு சங்கிராம் மெடல். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படைக்கு 'ஸ்ரீலங்கா' என்ற பட்டை பொறித்த சிறப்புச் சேவைப் பதக்கம். இவற்றை அணிந்தவன் வீரச் செயல் புரிந்தான் என்று அர்த்தமில்லை. இன்ன காலத்தில் இன்ன இடத்தில் இருந்தான் என்று மட்டுமே அர்த்தம். அந்த ஒற்றை உண்மையைப் பதிவு செய்வது அரசிதழ் அல்ல. படைப்பிரிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்.

ஒரு ஜவானின் வாழ்க்கை ராணுவத்தில் இரண்டு காகிதங்களில் ஓடுகிறது. ஒன்று ஷீட் ரோல். சேர்ந்த நாள், பயிற்சி, மாறுதல், பதவி உயர்வு, காயம், பதக்கம் எல்லாம் அதில் ஏற வேண்டும். மற்றொன்று, அதில் ஏற்றுவதற்கு ஆதாரமான பார்ட் டூ ஆர்டர். கல்யாணம் ஆனாலும், பிள்ளை பிறந்தாலும், லீவில் போனாலும், போர்முனைக்குப் போனாலும் ஒரு பார்ட் டூ ஆர்டர் வெளியாக வேண்டும். வெளியாகாவிட்டால், ராணுவத்தின் கணக்கில் அந்தச் சம்பவம் நடக்கவில்லை. ஓய்வுபெறும்போது கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் புக், இந்தப் பதிவுகளின் சுருக்கம்தான். ஊருக்குத் திரும்பியவனுக்கு அதுவே சாட்சி.

தவறு எங்கே நுழைகிறது என்பது படையில் இருந்தவர்களுக்குத் தெரியும். காலாட்படை வீரன் தன் பிரிவோடு போய்த் தன் பிரிவோடு திரும்புகிறான். அவன் பெயர் பட்டியலில் வந்துவிடும். அல்லாடுவது 'அட்டாச்மென்ட்' ஆட்கள்: டிரைவர், சமையல்காரர், சிக்னல் ஆபரேட்டர், நர்சிங் உதவியாளர், மெக்கானிக். தாய்ப்பிரிவு ஓரிடத்தில் இருக்கும். அவனை இரவல் வாங்கிய பிரிவு எல்லையில் இருக்கும். பதக்கப் பட்டியல் தயாராகும்போது, அவன் அவர்களுடைய ஆள் என்று இவர்களும், இவர்களுடைய ஆள் என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன், போர் முடிந்த கையோடு வேறு இடத்துக்கு மாற்றப்பட்டவன், பட்டியல் கேட்டு உத்தரவு வருவதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டவன் ஆகியோரின் கதையும் இதுதான். பதக்கங்கள் வேளைக்கு வந்து சேராததால் ரிப்பனையும் மெடலையும் கடையில் காசு கொடுத்து வாங்கி அணிந்துகொள்வது படையில் பழகிப்போன வழக்கம். நெஞ்சில் மெடல் தொங்கும், காகிதத்தில் இருக்காது.

சித்தூர்ப் பக்கத்தில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பெயரும் ஊரும்.

வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்த பையன் ராணுவத்தில் சேர்கிறான். வீட்டில் அவன் முனுசாமி. பள்ளிச் சான்றிதழில் முனஸ்வாமி. ஆள்சேர்ப்பு முகாமில் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதும்போது முனிஸ்வாமி. தெலுங்கு வழக்கப்படி முன்னால் வர வேண்டிய இண்டிபேரு ஒரு தாளில் இருக்கும்; தமிழ் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்து இன்னொன்றில் இருக்கும். இந்தி பேசும் எழுத்தருக்கு இரண்டும் ஒன்றே. கிராமத்தில் யாருக்கும் இதனால் குழப்பமில்லை. ஆனால் பதக்கப் பட்டியலில் இருக்கும் முனிஸ்வாமியும் பென்ஷன் உத்தரவில் இருக்கும் முனுசாமியும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு விதவை படும் பாடு கொஞ்சமல்ல.

ஊர் விஷயமும் அப்படியே. சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. பிறகு ஆந்திர மாநிலம். 1956 முதல் ஆந்திரப் பிரதேசம். 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகி, சத்தியவேடும் புத்தூரும் அதனோடு போயின. ஊர் நகரவில்லை, முகவரி நகர்ந்துகொண்டே இருக்கிறது. 50களில் படையில் சேர்ந்த திருத்தணிக்காரரின் ஷீட் ரோலில் சொந்த மாவட்டம் சித்தூர். அவர் குடும்பத்தின் ரேஷன் அட்டையில் திருவள்ளூர். கம்ப்யூட்டருக்கு இரண்டும் இரண்டு மனிதர்கள்.

பதக்கம் விடுபட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. போர்ப் பதக்கங்களால் பென்ஷன் ஒரு ரூபாயும் கூடாது என்பது உண்மைதான். ஆனால் பதக்கம் எந்த உண்மைக்கு அடையாளமோ, அந்த உண்மைக்குப் பணமதிப்பு உண்டு. முழங்கால் போனது ஊரில் மாடிப்படியில் விழுந்தா, போர்முனையில் விழுந்தா? காது மந்தமானது வயதாலா, பீரங்கியாலா? சாதாரண பென்ஷன், ஊனமுற்றோர் பென்ஷன், போர்க்காயப் பென்ஷன் என்ற மூன்று படிகளில் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை, அவர் அப்போது எங்கே இருந்தார் என்ற பதிவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அவர் இறந்த பிறகு மனைவிக்கு எந்த வகைக் குடும்பப் பென்ஷன் என்பதும் இதைப் பொறுத்ததே.

இங்கே உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வழியைத் திறந்திருக்கிறது. சிக்னல்ஸ் பிரிவில் 1985ல் சேர்ந்த தரம்வீர் சிங், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு வலிப்பு நோய் என்று சொல்லி வெளியே அனுப்பப்பட்டார். அது பணியால் வந்ததல்ல என்று சொல்லி ஊனமுற்றோர் பென்ஷனை மறுத்தார்கள். 2013 ஜூலை 2 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: சேரும்போது நோய் இருந்ததாக ஆவணத்தில் குறிப்பு இல்லையென்றால், வீரர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பிறகு ஏற்பட்ட கேடு பணியால் ஏற்பட்டது என்றே கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. அதாவது காகிதம் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தின் பலன் ஜவானுக்கு.

நோய்க்குப் பொருந்தும் இந்த நியாயம், போருக்குப் போனதற்கு மட்டும் ஏன் பொருந்தக்கூடாது? இப்போதைய நடைமுறை தலைகீழ். விடுபட்ட பதக்கத்தைச் சேர்க்கக் கேட்டு மனுச் செய்தால், 'ஆதாரம் அனுப்பவும்' என்று பதில் வருவதுண்டு. ஆதாரம் யாரிடம் இருக்கிறது? படைப்பிரிவின் போர்க் குறிப்பேடு, பார்ட் டூ ஆர்டர், ஆஸ்பத்திரிப் பதிவு, சம்பளப் பட்டியல் எல்லாம் அரசிடம்தான். கிழவரிடம் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் புக்கும் ஞாபகமும். தன் பீரோவில் இருப்பதைத் தேடித் தராமல், எதிரே நிற்பவரைக் கொண்டுவரச் சொல்கிறது அலுவலகம்.

அந்த பீரோவும் பக்கத்தில் இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ஆவண அலுவலகம் நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பென்ஷன் கணக்கு அலகாபாத்தில், இப்போதைய பிரயாக்ராஜில். கடிதங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில். இவற்றுக்கு நடுவே சித்தூரில் இருக்கும் ஜில்லா சைனிக் நல அலுவலகம்தான் மனுக்களை எழுதி அனுப்பித் தரும் ஒரே கைத்தாங்கல். போதாக்குறைக்குக் காலக்கெடு வேறு. பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிட ராணுவ விதிகள் இடம் தருகின்றன. அதன் பிறகு கேட்டால், அலுவலகம் சொல்லும் 'பதிவு இல்லை' என்பது பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல.

இது படிக்காத ஜவானின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1999 கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 70வது காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கே தன் பங்கு ஆவணங்களில் குறைத்துக் காட்டப்பட்டது என்று வழக்குப் போட வேண்டியிருந்தது. 2010 மே மாதம், ராணுவத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. மேலதிகாரி எழுதிய மதிப்பீடு பாரபட்சமானது என்று கூறி, பட்டாலிக் சண்டையின் பதிவையே திருத்தச் சொன்னது. ஒரு பிரிகேடியருக்கே நீதிமன்றம் வரை போகப் பத்தாண்டு. லான்ஸ் நாயக்குக்கு?

அமெரிக்காவிலும் நிரூபிக்கும் பாரம் முன்னாள் வீரர் தலையில்தான். ஆனால் அதற்கென்று தனி வழி இருக்கிறது. படைப் பதிவுகளைத் திருத்த 1946ம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனி வாரியங்கள் வந்தன. தவறைக் கண்டுபிடித்த மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. நியாயம் இருந்தால் வாரியமே அதைத் தளர்த்தலாம். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் சாம்பலாயின. 1912க்கும் 1960க்கும் இடையில் ராணுவத்திலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று, நகலும் இல்லை. காப்பகம் கையை விரித்துவிடவில்லை. சம்பளச் சீட்டு, படைப்பிரிவின் தினசரி அறிக்கை, ஆஸ்பத்திரிக் குறிப்பு என்று வேறு அலுவலகங்களில் கிடந்த காகிதங்களைச் சேர்த்துக் கோப்புகளைத் திரும்பக் கட்டியது. அங்கே தீ எரித்ததையே திருப்பி எழுத முடியும்போது, இங்கே எழுத்தர் விட்டுவிட்ட ஒரு வரியை எழுத முடியாதா?

முடியும். ஒரு படைப்பிரிவு எந்த நாள் முதல் எந்த நாள் வரை எந்த இடத்தில் இருந்தது என்பது அரசுக்குத் தெரியும். அந்த நாட்களில் யார் அதன் ஆள், யார் இரவல் ஆள் என்பதும் பார்ட் டூ ஆர்டர்களில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் விடுபட்டவர்களின் பட்டியல், யாரும் மனுப் போடாமலே வந்துவிடும். 2021 முதல் பென்ஷன்தாரர்களின் விவரங்களை ஸ்பர்ஷ் என்ற ஒரே கம்ப்யூட்டர் முறைக்கு மாற்றி வருகிறார்கள். ஆதாரில் இருக்கும் பெயரோடு பொருந்தவில்லை என்று சொல்லிப் பென்ஷன்காரரை அலையவைக்கத் தெரிந்த அந்த முறைக்கு, அவருக்குச் சேர வேண்டியது எது என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

அதுவரை, டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் வைத்திருக்கும் குடும்பங்கள் சில காரியங்களைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. அதன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வைக்க வேண்டும். வீரர் உயிரோடு இருக்கும்போதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தில், தன் ஷீட் ரோலின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கலாம். அதில் விடுபட்ட இடத்தை, படைப்பிரிவு, காலம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். 'நான் போருக்குப் போனேன்' என்பதைவிட, 'இன்ன மாதம் இன்ன பிரிவோடு இணைக்கப்பட்டிருந்தேன், அதன் குறிப்பேட்டைப் பாருங்கள்' என்ற வரிக்கு வலு அதிகம். கூட இருந்தவர் உயிரோடிருந்தால் அவரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும். அது இருந்தால்தான் 2009ல் செயல்படத் தொடங்கிய ராணுவத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட முடியும். ஆந்திரத்துக்கும் சேர்த்தே சென்னை அமர்வு அமைக்கப்பட்டது. தமிழ் பேசும் வழக்கறிஞர் கிடைப்பது ஒரு சௌகரியம். மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் போவது உத்தமம்.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று தேசிய போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது, அதன் கருங்கல் சுவர்களில் 25,942 பெயர்கள் இருந்தன. உயிரைக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. அவற்றைக் கல்லில் வெட்டியவர்களுக்கு வழிகாட்டியதும் பழைய காகிதங்கள்தான். உயிரோடு திரும்பியவர்களுக்குக் கல் வேண்டாம். தங்கள் புத்தகத்தில் ஒரு வரி போதும். 1971ல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த வரியை எழுத வேண்டிய அலுவலகத்துக்கு அவசரம் இல்லாமல் இருக்கலாம். அவருக்கு இருக்கிறது.